ஆடிப்பட்டம் தேடி விதை: நம்ம பக்கத்துக்குப் பொருந்துமா?

அம்பாசமுத்திரத்துக்காரன்:
ஆடி பிறந்தாலே எங்கள் ஆச்சி இந்தப் பழமொழியைத் தவறாமல் சொல்லுவாள். ஆனால் ஆற்றுப் பாசனத்தில் ஜூன் வாக்கில் பாபநாசம் அணையைத் திறந்ததுமே கார் பருவ நெல் சாகுபடி தொடங்கிவிடும், அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கோ ஐப்பசி வரவேண்டும். அப்படியென்றால் ஆடியில் எதைத்தான் விதைக்கச் சொன்னார்கள்?

தென்காசி தோட்டம்:
அண்ணாச்சி, நெற்பயிரை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வெந்து கிடந்த மண் சாரலில் குளிர்ந்திருக்கும் நேரம் அது. அவரை, புடலை, பீர்க்கு, பூசணி எல்லாம் அப்போது ஊன்றினால் ஐப்பசி அடைமழைக்கு முன்னாடியே வேர் நன்றாக இறங்கிவிடும். அதிலும் நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றிய கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து, பொங்கல் குழம்புக்குக் காய் தரும். தையில் ஊன்றிப் பாருங்கள், வெறும் இலைதான் மிஞ்சும்.

கரிசல்காட்டான்:
சாரல் விழும் ஊருக்கு அது சரி. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் ஆடியில் காற்றுதான் அடிக்கும், தென்மேற்கு மழை மலையோடு நின்றுவிடும். மழையை மட்டுமே நம்பிய எங்கள் மானாவாரி நிலத்துக்குப் புரட்டாசிதான் விதைக்கும் பட்டம். வடகிழக்கு மழையை நம்பி உளுந்து, பாசிப்பயறு, சோளம், பருத்தி எல்லாம் அப்போதுதான் போடுவோம். பழமொழியை நம்பி ஆடியில் விதைத்தால் விதையும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
நல்லது அண்ணாச்சி. கொல்லையில் அவரைக்குக் குழி எடுத்தாச்சு.