ஆஃப்செட் போட்டுப் பக்கம் பிரிப்பது தவறா?

தேன்சிட்டு:
டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் காட்டும் எங்கள் பட்டியலில் பக்கத்துக்கு 20 பதிவுகள். ‘லிமிட் 20 ஆஃப்செட் 40’ (முதல் 40ஐ விட்டு அடுத்த 20) என்று போட்டால் மூன்றாம் பக்கம் வந்துவிடுகிறது. கூட வேலை செய்பவர் இதை எடுத்துவிட்டு, கடைசியாகக் காட்டிய பதிவின் ஐடியை (அதற்கென உள்ள தனி எண்ணை) கொடுத்து ‘இதற்கு அடுத்த 20’ என்று கேட்கச் சொல்கிறார். நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்? மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர்கூட 2012 பதிப்பில் ஆஃப்செட்டைச் சேர்த்துக்கொண்டதே!

கல்தச்சன்:
அவர் சொல்வதுதான் சரி. ஆஃப்செட் பதிவுகளைத் தாண்டிக் குதிப்பதில்லை. ஒவ்வொன்றாகப் படித்துத் தூக்கிப் போடுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பெரிய டேபிள் ஒன்றில் லிமிட் 20, ஆஃப்செட் 1,00,000 கொடுத்து, எந்தப் படியில் எத்தனை பதிவுகள் வந்தன என்று காட்டும் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ ஓட்டிப் பாருங்கள். லிமிட் என்ற இடத்தில் 20 பதிவுகள் என்று இருக்கும். அதற்குக் கீழே இண்டெக்ஸ் ஸ்கேனில், அதாவது வரிசைப்படுத்தி வைத்த தேடல் பட்டியலான இண்டெக்ஸைப் படிக்கும் இடத்தில், 1,00,020 என்று இருக்கும். ஐடி கொடுத்துக் கேட்டால் இண்டெக்ஸில் நேரே அந்த இடத்துக்குப் போய் 20 எடுத்து நின்றுவிடும்.

தேன்சிட்டு:
5,001ஆம் பக்கம் வரை யார் புரட்டுகிறார்கள்? என் டேபிளில் மொத்தமே 3,000 பதிவுகள். நீங்கள் சொல்லும் முறையில் ஏழாம் பக்கத்துக்கு நேராகத் தாவவும் முடியாது. எங்கள் ஆட்களுக்கு அது வேண்டும்.

கல்தச்சன்:
மனிதர்கள் புரட்ட மாட்டார்கள், நாம் எழுதும் நிரல் புரட்டும். நானே மாட்டிக்கொண்டது இது. ‘நிலுவை’யில் இருந்த 10,000 பதிவுகளை 500 500 ஆக எடுத்து, வேலை முடிந்ததும் ‘முடிந்தது’ என்று மாற்றினேன். முதல் 500 மாறியதுமே நிலுவைப் பட்டியல் மேலே நகர்ந்துவிட்டது. அடுத்து ஆஃப்செட் 500 கேட்டபோது, கை படாத 500 பதிவுகள் தாண்டப்பட்டன. சுற்றுக்குச் சுற்று இதே கதை. கடைசியில் 5,000 அப்படியே கிடந்தன. ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை.

தேன்சிட்டு:
அங்கே ஆஃப்செட் கூடாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படித்துக் காட்ட மட்டும் உள்ள சின்னப் பட்டியலுக்கு அதே சட்டம் எதற்கு?

நிலாமுற்றம்:
இடையில் ஒரு கேள்வி. தேன்சிட்டு, ஆர்டர் பை (வரிசைப்படுத்தச் சொல்வது) எதில் கொடுத்திருக்கிறீர்கள்?

தேன்சிட்டு:
தேதியில். நேரம் கிடையாது, தேதி மட்டும்.

நிலாமுற்றம்:
அப்படியென்றால் 3,000 பதிவுகளிலும் சிக்கல் உண்டு. ஒரே தேதியில் 30 பதிவுகள் இருந்தால் அவற்றுக்குள் எது முன், எது பின் என்று டேட்டாபேஸ் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இரண்டாம் பக்கத்தில் பார்த்ததே மூன்றாம் பக்கத்திலும் வரலாம், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமலே போகலாம். தேதிக்குப் பின்னால் ஐடியையும் சேருங்கள்.

கல்தச்சன்:
ஆமாம், என் முறைக்கும் அது கட்டாயம். தேதி மட்டும் கொடுத்து ‘இதற்கு அடுத்தது’ என்று கேட்டால் அதே தேதியில் மிச்சமிருப்பவை போய்விடும். தேதி, ஐடி இரண்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும், இண்டெக்ஸும் அந்த இரண்டிலும் இருக்க வேண்டும்.

தேன்சிட்டு:
சரி, ஐடியை இப்போதே சேர்க்கிறேன். சில பதிவுகள் காணவில்லை என்று போன வாரம் ஒருவர் சொன்னதற்கு இதுதான் காரணமா என்றும் பார்க்கிறேன். ஆஃப்செட்டை மட்டும் எடுப்பதாக இல்லை.