குழாயில் சாம்பல் கோடு: பெரலுக்குள் பிளாஸ்டிக் உருகி ஓடுவதைப் பார்க்க வழி உண்டா?

ஏறாவூர்ப் பட்டறை:
எங்களிடம் 45 மில்லிமீற்றர் ஸ்குரூ போட்ட, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் சின்ன எக்ஸ்ட்ரூடர் இருக்கிறது. வெள்ளைப் பொலித்தீன் மணியோடு கறுப்பு மாஸ்டர்பேட்ச் (நிறம் செறிந்த மணி) கலந்து, படுவான்கரைத் தோட்டக்காரருக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கிறோம். ஒரு மாதமாகக் குழாயைக் கீறிப் பார்த்தால் உள்சுவரில் சாம்பல் நிறக் கோடு ஓடுகிறது. கறுப்புச் சேராத இடம்தான் வெயிலில் முதலில் வெடிக்கும், அதனால் மனசு கேட்கவில்லை. சூட்டை 170 பாகையிலிருந்து 190க்கு ஏற்றினேன். கோடு மெலிந்ததே தவிரப் போகவில்லை. ஹொப்பரில் மணி விழுவது தெரிகிறது, டையில் குழாய் வருவது தெரிகிறது. நடுவில் ஸ்குரூ சுழலும் பெரல், அந்த இரும்பு உருளை, ஒரு மீற்றருக்கு இருட்டு. அதற்குள் என்ன நடக்கிறது என்று படித்தவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காத்தான்குடி காக்கா:
தம்பி, ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போகாதீங்க. ஓடுகிற மெஷினில் உருக்கும் சூட்டில் பெரும்பங்கு, மோட்டார் ஸ்குரூவைச் சுற்றும்போது உராய்வில் வருவது. டைக்கு முன்னால் இருக்கிற சல்லடையில் நுண்ணிய வலை ஒன்று கூடுதலாக வைத்துப் பாருங்கள். எதிரழுத்தம் ஏறும், நன்றாகக் கலக்கும். வெளிவருவது கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

வந்தாறுமூலை மாணவன்:
பார்க்க வழி இருக்கிறது அண்ணன். 1959இல் அமெரிக்காவில் மெடொக் என்பவர் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்ட்ரூடரை டக்கென்று நிறுத்தி, பெரலைக் குளிரவைத்து, ஸ்குரூவை வெளியே எடுத்துப் பார்த்தார். மரைகளுக்கு நடுவில் உறைந்திருந்த பிளாஸ்டிக்கை நாடா போலக் கழற்றிக் குறுக்கே வெட்டினார். நிற மணி கலந்திருந்ததால் உருகியது எது, உருகாதது எது என்று வெட்டிய முகத்திலேயே தெரிந்தது. பெரல் சுவரை ஒட்டி மெல்லிய படலமாக உருகுகிறது. சுழலும் மரை அதைச் சுரண்டித் தன் முன்னால் குளமாகச் சேர்க்கிறது. உருகாத மணிகள் பள்ளத்தின் மறுபக்கம் கட்டியாக ஒதுங்குகின்றன. போகப் போகக் குளம் அகலும், கட்டி ஒடுங்கும். கடைசியில் கட்டி உடைந்து துண்டுகள் மிதந்து வந்தால் உங்கள் கோடுதான். 1966இல் டாட்மோர் என்பவர் இதையே கணக்காக எழுதினார்.
செய்வதானால் டையைச் சூட்டோடு கழற்றிவிடுங்கள். உறைந்த பிறகு, மேல்தோல் மட்டும் இளகும் அளவுக்குப் பெரலைச் சூடாக்கி ஸ்குரூவை இழுங்கள். பிவிசியில் மட்டும் வேண்டாம், சூட்டில் நின்றால் கருகி அமிலப் புகை விடும்.

ஏறாவூர்ப் பட்டறை:
ஞாயிறு செய்தோம். மின்சாரத்தை நிறுத்தி, ஹீட்டர் பட்டிகளைக் கழற்றி, நனைத்த சாக்கைச் சுற்றினோம். இழுக்கச் செயின் புளொக் தேவைப்பட்டது. மரையின் 9ஆம் சுற்றில் உறைந்திருந்த பிளாஸ்டிக்கை வாளால் அறுத்தேன். ஒரு பக்கம் கறுப்புக் குளம், மறுபக்கம் வெள்ளை மணிகள் மாதுளை முத்துப் போல நெருங்கி நிற்கின்றன, நடுவில் தெளிவான கோடு. தம்பி சொன்னது அப்படியே கையில் இருந்தது. 19ஆம் சுற்றிலும் அரிசியளவு வெள்ளைத் துண்டுகள்! அதற்குப் பின் டைக்கு ஆறு சுற்றுத்தான்.
அப்புறம் சூட்டைப் பழையபடி 170க்கு இறக்கி, வேகத்தை நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 55 ஆக்கி, காக்கா சொன்ன வலையையும் வைத்தேன். இன்று காலை கீறிய மூன்று துண்டிலும் கோடு இல்லை. வேகமா, வலையா, எது வேலை செய்தது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த ஞாயிறு வலையைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை ஸ்குரூவை இழுக்கிறேன். தம்பி, முடிந்தால் நீங்களும் வாருங்கள். 9ஆம் சுற்றை உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.