பள்ளிக்காகப் பெற்றோர் திரட்டிய பணமும் வாசலில் கேட்ட கேள்விகளும்: அனுபவப் பகிர்வு

முன்னாள் செயலாளர் எழுதியது

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் படித்த பள்ளிக்காகப் பெற்றோர்களே சேர்ந்து நடத்திய அறக்கட்டளை ஒன்றில் 6 ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டு, இளையவளும் படிப்பை முடித்துக்கொண்டு வெளியேறியதால் சென்ற ஆண்டு பொறுப்பை ஒப்படைத்தேன். நிதி திரட்டும் வழிகளைச் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். திரட்டும்போது யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. எனக்கு நேர்ந்த ஒன்றை முதலில் வைக்கிறேன், மற்றவர்களும் தொடருங்கள்.

என் இரண்டாம் ஆண்டில் நூலகத்துக்காக ஒரு விற்பனை விழா நடத்தினோம். மாலையில் கடைகளைப் பிரித்து அடுக்கிய பிறகு, ஒரு வகுப்பறையில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, கடைக்கொன்றாக வந்த தகரப் பெட்டிகளைக் கவிழ்த்து எண்ணத் தொடங்கினோம். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்குகளின் எண்ணிக்கையைக் கரும்பலகையிலேயே குறித்துக்கொண்டு வந்தார் பொருளாளர். மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவது என்று பெற்றோர்கள் வெளியே காத்து நின்றதால், கூட்டி முடித்த கையோடு ஒலிபெருக்கியில் தொகையை அறிவித்தவள் நான்தான். கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் கலைந்து சென்ற பிறகு, சில்லறை கொடுப்பதற்காகக் காலையில் ஒவ்வொரு பெட்டியிலும் நாங்களே போட்டு வைத்த முன்பணத்தைக் கழிக்க மறந்துவிட்டோம் என்பது பொருளாளருக்கு உறைத்தது. எங்கள் பணத்தையே வசூலில் சேர்த்துக் கைதட்டல் வாங்கியிருந்தோம்.

திருத்திய தொகையைப் பத்து நாள் கழித்துக் கடிதமாக அனுப்பினோம். ஏன் குறைந்தது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. எழுதினால் கேலிக்கு இடமாகிவிடும் என்று குழுவில் ஒருவர் சொன்னதற்கு நானும் தலையாட்டியிருந்தேன். மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரு தந்தை, நான்காக மடித்த அந்தக் கடிதத்துடன் என்னை நிறுத்தி, "அம்மா, அன்றைக்கு ஒரு தொகை சொன்னீர்கள், இன்றைக்கு ஒரு தொகை எழுதியிருக்கிறீர்கள், இடையில் உள்ளது எங்கே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லாததுதான் எனக்கு அதிக சங்கடத்தைத் தந்தது. முன்பணக் கதையை விளக்கியதும், "இதைக் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேனே" என்றார். பத்து நாட்களாக வாசலில் என்னவெல்லாம் பேசிக்கொண்டார்கள் என்பதையும் அவர் வழியாகத்தான் அறிந்தேன். அடுத்த விழா முதல் பெட்டிக்கொரு தாள் வைத்தோம். காலையில் எவ்வளவு முன்பணம் போட்டது, மாலையில் எவ்வளவு எண்ணியது என்று அதில் எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். அந்த இருவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது.

ஒரு பொருளாளர் எழுதியது

அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. என் அனுபவத்தில் ஒரு காசு கூடக் குறையவில்லை, கணக்கும் சரியாக இருந்தது, ஆனாலும் தூக்கம் போனது.

விளையாட்டுத் திடலுக்கு நிழற்கூரை அமைப்பதற்கென்று பெற்றோரிடமும் பழைய மாணவர்களிடமும் நன்கொடை திரட்டினோம். இரண்டு ஆண்டுகளில் தேவையானதில் ஏறத்தாழ 60 சதவீதம் சேர்ந்திருந்தபோது புதிதாக விலைப்புள்ளி வாங்கிப் பார்த்தால், இலக்கு எங்களைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. குழுவில் பெரும்பாலோர், இந்தப் பணத்தைக் கொண்டு ஆய்வகத்துக்கு வேண்டியவற்றை வாங்கிவிடலாம், அதுவும் பிள்ளைகளுக்குத்தானே என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு நோக்கத்தைச் சொல்லி வாங்கிய நன்கொடையை, கொடுத்தவரின் சம்மதமோ சட்டம் அனுமதிக்கும் வழியோ இல்லாமல் வேறொன்றுக்குத் திருப்பிவிட முடியாது என்பது அறக்கட்டளைகளின் அடிப்படை விதி. அறங்காவலர்கள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அந்தப் பணத்தின் நோக்கம் தானாக மாறிவிடாது.

எனவே ரசீதுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கொடுத்த ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். திருப்பித் தரவா, கூரைக்காகவே தொடர்ந்து வைத்திருக்கவா, வேறு தேவைக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று மூன்று கட்டங்கள் போட்டுக் கேட்டிருந்தோம். மாணவன் ஒருவனின் பாட்டி கட்டம் எதையும் தொடாமல், "என் பேரன் வெயிலில் ஆடுகிறான் என்பதால் கொடுத்தேன். அவன் இன்னும் வெயிலில்தான் ஆடுகிறான்" என்று எழுதி அனுப்பினார். குழுக் கூட்டத்தில் அதை வாசித்த பிறகு ஆய்வகத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. உண்டியலில் போட்டவர்களுக்கு எந்த முகவரிக்கு எழுதுவது என்ற கேள்விக்கு மட்டும் கடைசி வரை நல்ல பதில் கிடைக்கவில்லை. அந்தப் பங்கைத் தொடாமல் கூரைக் கணக்கிலேயே விட்டுவிட்டோம்.

இத்தனைக்கும் காரணம் வேண்டுகோள் கடிதத்தில் விட்டுப்போன ஒரே ஒரு வாக்கியம். "இலக்கை எட்ட முடியாமல் போனாலோ, செலவு போக மீதி இருந்தாலோ, அத்தொகை பள்ளியின் பொதுத் தேவைகளுக்குப் பயன்படுத்தப்படும்" என்று முதல் நாளே அச்சிட்டிருந்தால் அந்த மூன்று மாத அலைச்சல் இருந்திருக்காது. இப்போது பேரேட்டில் இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன், ஒன்று பெயர் சொல்லி வாங்கிய பணத்துக்கு, மற்றது பொதுப் பணத்துக்கு. வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் ஏட்டில் இவை கலக்கக்கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குலுக்கல் சீட்டு வாங்கியவர் ஒருவர் வரிச்சலுகைக்கான நன்கொடை ரசீது கேட்டு என்னிடம் வெகுநேரம் வாதாடினார். பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் கொடுப்பதுதான் நன்கொடை. பரிசுக்கான வாய்ப்பை வாங்குவது வியாபாரம். இந்த வேறுபாடு நாங்களாக உருவாக்கியது அல்ல. பிரிட்டனில் 1990 முதல் நடைமுறையில் உள்ள கிஃப்ட் எய்டு ஏற்பாட்டில், வரி செலுத்துபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அறக்கட்டளை அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். குலுக்கல் சீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு அது கிடையாது. இந்தியாவிலோ வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், நன்கொடையாகவே கொடுத்திருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை இல்லாமல் ஆக்கினார்கள். ரொக்கத்துக்குத் தடம் இருக்காது என்பதுதான் காரணம். உண்டியல் எண்ணிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது

மேசைக்கு மறுபக்கம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சிலருக்கு வருத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு பள்ளியில் நான் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், பண்டக அறை அலமாரியில் ஒரு படக்காட்டியைக் கண்டேன். அதன் தொலை இயக்கியின் மீது சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கூடப் பிரிக்கப்படவில்லை. பெற்றோர் அறக்கட்டளை ஓராண்டு உழைத்து வாங்கிக் கொடுத்தது என்றார் எழுத்தர். அறையை இருட்டாக்கத் திரைச்சீலை இல்லை, கூரையில் பொருத்த ஆள் வைக்கவில்லை, விளக்கு பழுதானால் மாற்றும் செலவை எவரும் ஏற்கவில்லை. வாங்குவதற்கு முன் ஆசிரியர்களைக் கேட்டீர்களா என்று விசாரித்தபோது, திடீர் மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லாமலே வாங்கியதாகத் தெரிந்தது. அன்றிலிருந்து பெற்றோர் எதைக் கொடுக்க முன்வந்தாலும், மூன்றாம் ஆண்டில் இதற்கு யார் செலவு செய்வார்கள் என்பதையே முதலில் கேட்பேன். நன்றி கெட்டவன் என்று பெயர் வாங்கியதும் உண்டு.

ஆசிரியர் சம்பளத்துக்கு அறக்கட்டளைப் பணத்தை நம்புவது இதைவிடச் சிக்கலானது. ஓராண்டு விழா நன்றாக நடந்தால் ஒரு இசை ஆசிரியர் வருவார், மறு ஆண்டு மழையில் விழா நின்றுபோனால் அவர் போய்விடுவார். பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது? வசதியான பெற்றோர் உள்ள பள்ளிக்கு இசை ஆசிரியர், அடுத்த பள்ளிக்கு வெறும் அறை என்ற நிலையும் இதனால் வருகிறது. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரப் பள்ளி நிர்வாகம் இதற்காகவே ஒரு விதியைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. ஆசிரியர் பணியிடங்களுக்கென்று ஒரு பள்ளியின் பெற்றோர் திரட்டும் பணத்தில் முதல் 10,000 டாலர் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குச் சென்று, தேவை மிகுந்த பள்ளிகளுக்குப் பகிரப்பட்டது. அதைப் பெற்றோர் பலர் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் பணம் என் பிள்ளைக்கு இல்லையா என்று என்னிடமும் பெற்றோர் நேரில் கேட்டிருக்கிறார்கள்; அறக்கட்டளை என்று பதிவு செய்தபோதே அதற்கான பதிலை நாம் கொடுத்துவிட்டோம் என்பது என் கருத்து.

பெற்றோர் அமைப்பு என்றாலே பணம் திரட்டுவது என்று ஆகிவிட்டதில் எனக்குக் குறை உண்டு. 1897இல் வாஷிங்டனில் அலிஸ் மெக்லெல்லன் பர்னியும் ஃபீபி ஹர்ஸ்டும் தாய்மார்களைக் கூட்டி மாநாடு நடத்தியபோது, அவர்கள் பேசியது பிள்ளைகளின் உடல்நலத்தையும் வளர்ப்பையும் கல்வியையும் பற்றி. இன்றைக்கு அமெரிக்காவில் உள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தொடக்கம் அந்த மாநாடுதான்.

ஒரு தாய் எழுதியது

நான் குழுவில் சேர்வதற்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். பணம் கொடுக்காத பெற்றோரும் இதைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டில் வருமானம் நின்றிருந்தது. அந்த ஆண்டு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வகுப்புவாரியாக எழுதி, நுழைவாயிலை ஒட்டிய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஊக்குவிப்பதற்காகச் செய்ததுதான், தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவளை அழைத்துவரப் போன நாளில், தன் வகுப்புப் பட்டியலின் மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டு வந்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே வெறும் தாளில் விரல் வந்து நின்றது. பிறகு மறுபடியும் மேலிருந்து தொடங்கினாள். "அம்மா, நம்ம பெயரை எழுத மறந்துட்டாங்க" என்றாள்.

அன்றிரவு குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு முறை கிழித்துப் போட்டு ஐந்தாவதை அனுப்பினேன். இரண்டாம் நாள் பலகையிலிருந்து பட்டியல் இறங்கியிருந்தது. செயலாளராக இருந்த பெண்மணி தொலைபேசியில் அழைத்து, வருத்தம் தெரிவித்துவிட்டு, வேறு எப்படிச் செய்யலாம் என்று என்னையே கேட்டார். அப்போது பிறந்த ஏற்பாடுதான் உறை. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரியான உறை ஒன்று கொடுத்தனுப்பப்படும். எல்லோரும் அதை ஒட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே பணம் இருக்கலாம், வெற்றுத் தாள் இருக்கலாம், எந்த நாளில் எத்தனை மணிநேரம் வந்து உதவ முடியும் என்ற குறிப்பு இருக்கலாம். உறையின் மீது பெயர் கிடையாது. ரசீது வேண்டுபவர்கள் மட்டும் உள்ளே ஒரு சீட்டில் பெயரையும் முகவரியையும் எழுதி வைப்பார்கள். முதல் ஆண்டு என் உறையில் ஒரு குறிப்பு இருந்தது. நூலகத்தின் ஆறு சன்னல்களுக்கும் அந்த ஆண்டு திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன்.

பணம் கொடுக்காவிட்டால் சேர்க்கையில் சிக்கல் வருமோ என்ற பயம் எனக்கு இருந்தது என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 13ஆம் பிரிவு, பிள்ளையைச் சேர்க்கும்போது அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் நன்கொடை எதையும் வாங்கக்கூடாது என்று தடுத்து, மீறினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. சட்டம் எழுதும் அளவுக்கு அந்தப் பயம் பொதுவானது என்று தெரிந்தபோது, நான் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கவில்லை என்று தோன்றியது.

முன்னாள் செயலாளர் மீண்டும் எழுதியது

அந்த உறை ஏற்பாட்டைக் குறித்து வைத்துக்கொண்டேன், சகோதரி. எங்கள் பள்ளியில் பட்டியல் இன்னும் பலகையில்தான் இருக்கிறது. அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதைப் பேசுவதற்கு, பொறுப்பில் இல்லாவிட்டாலும் எனக்கு உரிமை உண்டு.

என்னை வாசலில் நிறுத்திய தந்தை என்ன ஆனார் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மறு ஆண்டே அவரைக் குழுவுக்கு அழைத்தோம். வேலை அதிகம் என்று மறுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு விழா முடிந்த மாலையிலும் வகுப்பறைக் கதவருகே வந்து, கரும்பலகையில் உள்ள அடுக்குக் கணக்கைத் தன் பாக்கெட் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவார். பத்து நாள் கழித்து எங்கள் கடிதம் போனதும், சரியாக இருந்தால் வாசலில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பார்.