கப்பலில் தனியாக, ஒற்றைக் காலோடு

விழுந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அலையும் இல்லை, தளத்தில் ஈரமும் இல்லை. கேபினில் குளியலறை வாசலில், தண்ணீர் வெளியே வராமலிருக்க நாலு விரல் உயரத்துக்கு ஓர் இரும்புப் படி இருக்கும். மதுரையில் எங்கள் வீட்டு நிலைப்படியை இருட்டில் எத்தனை ஆயிரம் தடவை தாண்டியிருப்பேன்! சிங்கப்பூரில் ஏறிய முதல் ராத்திரியே, மூன்று மணிக்கு, அந்தப் படியில் இடது கால் மாட்டி, பாதம் உள்பக்கமாகப் புரண்டு விழுந்தேன்.

எனக்கு 59 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு முதன்முதலாகத் தனியாகக் கிளம்பிய பயணம். பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர், நாலு ராத்திரி. ஒற்றை ஆளாக வந்தாலும் கேபினுக்கு இரண்டு பேர் காசு வாங்குகிறார்களே என்ற கடுப்போடுதான் ஏறினேன். (அந்த இரண்டாவது ஆள் இருந்திருந்தால் விளக்கையாவது போட்டிருப்பார்.)

சுளுக்குதான் என்று விடியும்வரை தைலம் தேய்த்தேன். தப்பு. அடிபட்ட உடனே தேய்க்கக் கூடாது. ஐஸ் வைத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைக்க வேண்டுமாம். காலையில் கணு இருந்த இடமே தெரியவில்லை. போன் செய்ததும் வீல்சேர் வந்து கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவ அறைக்குக் கூட்டிப் போனது. டாக்டர் வெளிக்கணு எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்தினார், கத்திவிட்டேன். நாலு எட்டு நடக்கச் சொன்னார். இரண்டுக்கு மேல் முடியவில்லை. அப்படியானால் எக்ஸ்ரே என்றார். மயிரிழை விரிசல். வீக்கம் வடியுமுன் முழு மாவுக்கட்டு வேண்டாம், விமானம் வேறு ஏறப்போகிறீர்கள் என்று சொல்லி, பட்டை வைத்துக் கட்டி, இரண்டு ஊன்றுகோலைக் கையில் கொடுத்து, இடது காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று அனுப்பினார்.

பில் கேபின் கணக்கில் ஏறியது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றேன். முதலில் நீங்கள் கட்டுங்கள், ஊருக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இறங்கும் முன்பே டாக்டர் கையெழுத்துப் போட்ட அறிக்கை, தனித்தனியாகப் பிரித்த பில், எக்ஸ்ரே நகல் எல்லாம் கேட்டு வாங்கினேன். முப்பது வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்த புத்தி.

வலியை மாத்திரை பார்த்துக்கொண்டது. என்னைப் பாடாய்ப் படுத்தியது கைதான். ஊன்றுகோல் இரண்டு கையையும் பிடுங்கிக்கொள்கிறது. ஒரு டம்ளர் காபியைப் பத்தடி தூரம் கொண்டுபோக முடியாது. அன்று மதியம் பஃபேயில் சாதம் பருப்பு எல்லாம் போட்டுக்கொண்ட பிறகுதான் யோசித்தேன், இதை எப்படி நகர்த்துவது? ஒரு கோலை அக்குளில் இடுக்கி, தட்டை மார்போடு அணைத்து ஓர் எட்டு வைத்தேன். கப்பல் லேசாகச் சாய்ந்தது. பருப்பு துப்பட்டாவில்.

“மேடம், நீங்க உட்காருங்க, நான் கொண்டாரேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தூத்துக்குடிப் பையன், சமையற்கட்டில் வேலை. ஏழு மாசமாக ஊருக்குப் போகவில்லையாம். மூன்றாம் நாள் மெனுவில் இல்லாத தயிர்சாதம் வந்தது, கடுகு தாளித்து. “எங்கம்மாவுக்கும் போன வருஷம் கால் ஒடஞ்சுது மேடம். நான் அப்பக் கடல்ல இருந்தேன்” என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் தட்டைக் காலி செய்தேன்.

அப்புறம் கொஞ்சம் தேறினேன். கேபின் கார்டு கழுத்துச் சுருக்குப் பையில், காபி பிளாஸ்கில், பிளாஸ்க் தோள்பையில்.

பினாங்கில் இறங்க முடியவில்லை. கப்பலின் வீல்சேர் கரைக்கு வராது. குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்குப் போகவென்று முழம் பூ வாங்கும் காசைக்கூடத் தனியாக முடிந்து வைத்திருந்தேன். மேல்தளத்திலிருந்து மணிக்கூண்டைத்தான் பார்த்தேன். விக்டோரியா ராணியின் 60 வருஷ ஆட்சிக்காக, வருஷத்துக்கு ஓரடியாக 60 அடி. உலகப்போரில் பக்கத்தில் விழுந்த குண்டால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அன்றைக்கு அதுவும் நானும் ஒரே நிலைமை. புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்று, சின்னப் படகில் ஆட்களை இறக்கினார்கள். நான் கேட்கக்கூட இல்லை.

* * *

மறுமொழி: அம்மா, நான் கப்பலில் எட்டு வருஷம் கேபின் வேலை பார்த்தவன். இரண்டு விஷயம் விட்டுவிட்டீர்கள். குளிக்க ஸ்டூல் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்போம்; படி இல்லாத குளியலறையோடு சில கேபின்கள் உண்டு, காலியாக இருந்தால் மாற்றியும் தருவார்கள். அடுத்தது இன்னும் முக்கியம். கால் முடியவில்லை என்று ரிசப்ஷனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அபாயச் சங்கு ஊதினால் லிஃப்ட்டை நம்ப முடியாது, படியில்தான் இறங்க வேண்டும். பெயர் பட்டியலில் இருந்தால் தூக்கிப் போக ஆள் வருவார்கள். தனியாக வந்தவர் கேபினில் இருக்கிறாரா என்று வேறு யார் தேடுவார்கள்?

* * *

மறுமொழி: எனக்குக் கொச்சியிலிருந்து லட்சத்தீவு போன கப்பலில் முழங்கால் பிசகிவிட்டது. அங்கே பல தீவுகளில் பவளத்திட்டு சுற்றி இருப்பதால் கப்பல் வெளியிலேயே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகுக்கு மாற வேண்டும். படகு ஒரு நேரம் இடுப்பு மட்டத்தில், மறுநேரம் ஓர் ஆள் உயரம் கீழே. நான் கால் நீட்டுவதும் இழுப்பதுமாக நிற்க, படகுக்காரர் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “காலைப் பார்க்காதீங்க, எங்க மூஞ்சியைப் பாருங்க” என்றார்கள், பாதி மலையாளம் பாதி தமிழில். அலை தூக்கியதும் ஒரே இழுப்பு. உள்ளே இருந்தேன். திரும்பி ஏறியதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

* * *

மறுமொழி: தம்பி, ஸ்டூல் விஷயம் தெரியாமல் நாலு நாள் கம்மோடில் உட்கார்ந்து குளித்தேன்! கட்டுப் பிரித்து இரண்டு மாசமாகிறது. ஊன்றுகோலில் ஒன்று கொடிக்கயிறு தொங்காமல் முட்டுக் கொடுக்கிறது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டம்மா கேட்டு வாங்கிப் போனார், முருங்கைக்காய் பறிக்க.