மாதம் 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிறிஸ்தவ நாவல்கள்?

சிப்புட் வாசகி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் சபை வாலிபர் குழுவில் 12 பேர். தமிழ், ஆங்கிலம் இரண்டும் வாசிப்போம். மாதம் 20 வெள்ளிதான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பழைய ஏடு:
தமிழில் முதலில் மோட்சப் பிரயாணம். ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதையின் தமிழாக்கம். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகம் (1894) விருத்தப்பாக் காவியம், கம்பன் வாடை வீசும். உரைநடைக் கதையை முடிக்காமல் அதில் இறங்காதீர்கள், பாதியில் நின்றுவிடும்.

ஆங்கிலத்தில் பென்-ஹர் (1880). முதல் பாகம் குழந்தை இயேசுவைத் தேடிவந்த சாஸ்திரிகளின் பயணமும் இயேசுவின் பிறப்பும்தான். நாயகன் யூதா இரண்டாம் பாகத்தில்தான் வருகிறான். அதுவரை பொறுத்தால் கதை உங்களை விடாது!

ரப்பர்மரம்:
பென்-ஹருக்குக் காசே வேண்டாம். காப்புரிமை முடிந்தது, குட்டன்பெர்க் தளத்தில் கிடைக்கும். படமில்லாத ஈபப் (மின்நூல்) கோப்பை எடுங்கள். சின்னது, எழுத்தையும் பெரிதாக்கலாம். ஸ்கேன் செய்த பிடிஎப் கைப்பேசியில் கண்ணை வாட்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை நகர்த்த வேண்டிவரும்.

20 வெள்ளியை அச்சுப் புத்தகத்துக்கு வையுங்கள். ஒரே பிரதி 12 பேரைச் சுற்றிவர, ஆளுக்கு இரண்டு வாரம் என்றாலும் 24 வாரம். பழைய பிரதிகள் மூன்று வாங்கி நால்வருக்கு ஒன்றாகக் கொடுத்தால் எட்டே வாரம்.

சிப்புட் வாசகி:
நன்றி அண்ணா. புதிய எழுத்தாளர்கள்?

ரப்பர்மரம்:
தேசிய நூலகத்தின் யூ-புஸ்தகா இணைய நூலகத்தில் உறுப்பினராகித் தேடுங்கள், மின்நூல் இரவல் இலவசம். வாட்சாப்பில் சுற்றும் திருட்டுப் பிரதி மட்டும் வேண்டாம்மா, எழுதியவரின் கூலி அது.