செவன் கிட் காரில் 20 வால்வு 4ஏஜி: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்த்து இறக்கலாமா?

பட்டர்வொர்த் தம்பி:
அண்ணன்மாரே, லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஒரு கிட் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும்) சேசிஸை வீட்டுப் போர்ச்சிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாஃப்-கட் (வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்ப் பாகங்கள்) கடையில் டொயோட்டாவின் 20 வால்வு 4ஏஜி எஞ்சின், சில்வர்டாப் என்பார்களே அது, கிடைத்தது, பின்சக்கர ஓட்டப் பழைய கொரோலாவான ஏஇ86-இன் டி50 கியர்பாக்ஸும் கையில் இருக்கிறது. இரண்டையும் மாட்டிச் சேர்த்தே இறக்குவதா, தனித்தனியாகவா? மவுண்டிங்கை இப்போதே வெல்டிங் செய்துவிடு என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர், எனக்கு மனசு ஒப்பவில்லை.

செந்தூல் ஃபோர்மன்:
சேர்த்தே இறக்கு தம்பி. செவனில் நடு டனல் ரொம்பக் குறுகல், எஞ்சின் உட்கார்ந்த பிறகு பெல்ஹவுசிங் (எஞ்சினோடு கியர்பாக்ஸ் சேரும் கூடு) போல்ட்டுக்கு ஸ்பேனர் போகாது. கிளட்ச் பிளேட்டைத் தரையிலேயே நடுவில் சரியாக நிறுத்தி கியர்பாக்ஸை மாட்டிவிட்டு, ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் கழற்றி, செயின் பிளாக்கில் கியர்பாக்ஸ் வால் முதலில் நுழைகிற மாதிரி நன்றாகச் சாய்த்து இறக்கு.

மவுண்டிங் வெல்டிங்? இப்போது வேண்டவே வேண்டாம். எஞ்சினை மரக்கட்டை மேல் உட்கார வைத்துப் பார். ஆயில் சம்ப் சேசிஸ் குழாய்க்குக் கீழே தொங்கக்கூடாது, நம் தாமான் (குடியிருப்பு) ரோட்டு வேகத்தடை மேடுகள் தெரியும்தானே. ஸ்டியரிங் கம்பிக்கும் எக்ஸாஸ்டுக்கும் இடைவெளி இருக்கிறதா பார். கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட்டும் பின் அச்சு டிஃபரென்ஷியலுக்குள் போகும் பினியன் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் வேகம் ஏற ஏறக் கார் அதிரும். எல்லாம் ஒத்துவந்த பின் அங்கங்கே பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, எஞ்சினைத் தூக்கி எடுத்துவிட்டு முழுசாக வெல்டிங் செய். அப்போது பேட்டரியும் இசியு-வும் (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) கழன்றிருக்கட்டும்.

கெப்போங் அக்கா:
ஃபோர்மன் ஒன்றை விட்டுவிட்டார். சில்வர்டாப் முன்சக்கர ஓட்டத்துக்கு, அதாவது ஏஇ101 கொரோலா வகைக் கார்களுக்கு வந்த எஞ்சின். நீளவாக்கில் வைத்தால் டிஸ்டிரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது) பின்பக்கம் போய் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில், முட்டும், கூலன்ட் வெளியேறும் வாயும் அதே பக்கம்தான். ஏஇ86-இல் மாட்டுகிறவர்கள் ஃபயர்வாலை அங்கே உள்ளே தட்டுவார்கள், இல்லையென்றால் டிஸ்டிரிபியூட்டரையே தூக்கிவிட்டுத் தனி இசியு, காயில் போடுவார்கள். செவனில் உன் கால் அந்தப் பக்கம்தான் இருக்கும், அதனால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். செலவு கூடும்.

அப்புறம் எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வை. எஞ்சின் நம்பர் கெரானில் (வாகன உரிமைப் பத்திரம்) ஏறவேண்டும், வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பார்ப்பார்கள். ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இன்னும் காசு போடுவதற்கு முன்னால் ஜேபிஜே-வில் (சாலைப் போக்குவரத்து இலாகா) நேரில் கேட்டுவிடு, கிட் காரைப் பதிவது எஞ்சின் மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

பட்டர்வொர்த் தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. ரசீது இருக்கிறது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் வேறு என்ன பார்க்கணும்?

செந்தூல் ஃபோர்மன்:
பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை வெறும் ஸ்டார்ட்டரில் சுற்று. எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடியான எர்த் கம்பி போடு, ரப்பர் மவுண்டிங்கில் கரண்ட் போகாது. ரேடியேட்டர் எஞ்சின் ஹெட்டைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும், மேலே காற்று தங்கிவிடும், அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதே.