மறுமொழி: மறுமொழி: சாண்ட்பாக்ஸுக்கு ஒரு சொல் (நாளை அச்சுக்குப் போகிறது)

காரைக்குடி, பயிலரங்கு ஆசிரியர்:
வணக்கம். சனிக்கிழமை மாணவர்களுக்கு வெப்அசெம்பிளியில் (சுருக்கமாக வாஸ்ம்; நிரலை அடைத்துவைத்து ஓட்ட உதவும் கோப்பு வடிவம்) ஒரு கருவி வழங்கி (சர்வர்) கட்டிக் காட்டுகிறேன். மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருப்பது) எந்தக் கோப்பையும் தானே திறக்காது. இன்ன கருவியை இயக்கு என்று கேட்கும்; செயலி அதை எம்சிபி நெறிமுறையில் (மாதிரியைக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டது) வழங்கிக்கு அனுப்பும். வழங்கி இயக்கி விடை தரும். கருவியை ரஸ்ட் நிரல்மொழியில் எழுதி, வாஸ்ம் கோப்பாக்கி, வாஸ்ம்டைம் என்ற மென்பொருளில் ஓட்டினால், தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி அதனால் எட்டிப் பார்க்க முடியாது. கோப்புறையோ இணையமோ நாம் கொடுத்தால்தான் உண்டு. இப்படி நிரலை அடைத்துவைக்கும் இடமான சாண்ட்பாக்ஸுக்குக் கையேட்டில் போடத் தமிழ் வேண்டும்.

தேவகோட்டை:
தமிழ் விக்கிப்பீடியாவில் ‘மணல்தொட்டி’ இருக்கிறதே?

கானாடுகாத்தான்:
அங்கே அது எழுதிப் பழகும் இடம். இங்கே நம்பாத நிரலைக் கட்டிப்போடும் இடம். வீட்டுக்குள்ளேயே சொல் கிடக்கிறது: வளவறை. செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றிப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் அறை, பூட்டு தனி; ஒருவர் பண்டம் அடுத்தவர் கைக்கு வராது. வளை, வளவு, வளாகம் எல்லாம் ஒரே வேர். புறநானூறு 189 பாருங்கள்: ‘தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி’. நினைவகத்தைப் பகிராமைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பள்ளத்தூர்:
அண்ணே, அது உலகம் முழுவதையும் தனக்கே என்று ஆண்ட அரசனைப் பற்றிய அடி. கருவி அப்படி ஆளக் கூடாதென்றுதானே இந்தப் பாடு! யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீட்டைச் சுற்றிய நிலம். வளவறையைத் தோட்டத்துக் கொட்டகை என்பார்கள்.

புதுவயல், நிரலர்:
வேரை விடுங்கள், பூட்டைப் பாருங்கள். வளவறைச் சாவி புள்ளியிடம். வாஸ்மில் சாவி வழங்கியிடம். கொடுக்காவிட்டால் கருவிக்கு மணி என்னவென்றுகூடத் தெரியாது. இன்னொன்று. வானிலைக் கருவிக்கு இணையத்தை மொத்தமாகத் திறந்துவிட்டால், மாதிரி அதனிடம் தரும் தரவு எந்த முகவரிக்கும் போகலாம். எந்த அறையும் அதைத் தடுக்காது. இன்ன தளத்துக்கு மட்டும் அனுமதி என்று குறித்துக் கொடுக்க வேண்டும். கையேட்டில் முதலில் அதைப் போடுங்கள். சொல் சாண்ட்பாக்ஸாகவே இருக்கட்டும். வேலைக்கான நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

கானாடுகாத்தான்:
அப்படியானால் வழங்கி எதற்கு? சர்வர் என்றே எழுதலாமே!

தேவகோட்டை:
வழங்கியும் எனக்கு ஒப்பில்லை. வழங்குவது வள்ளல். கேட்டதைக் கேட்ட அளவுக்கு எடுத்துவைப்பவர் பரிமாறுபவர். ‘பரிமாறி’ என்று எத்தனை முறை எழுதினேன்.

பள்ளத்தூர்:
பந்திக்கு இலை போட்டுவிடலாம். ஐயா, அந்தப் பேச்சைத் திரும்பத் தொடங்காதீர்கள்.

கண்டனூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
தனியறை. பிள்ளைகளுக்கு அகராதி வேண்டாம்.

தேவகோட்டை:
மணல்தொட்டிக்கு இது தேவலை. சரி.

பள்ளத்தூர்:
ஆச்சி சொன்னதே போதும். கண் எரிகிறது.

காரைக்குடி, பயிலரங்கு ஆசிரியர்:
அச்சகத்திலிருந்து இருமுறை கூப்பிட்டுவிட்டார்கள். ‘தனியறை’ போகிறது, முதல் முறை வருமிடத்தில் சாண்ட்பாக்ஸும் பக்கத்தில் இருக்கும். புதுவயலார் சொன்ன அனுமதிக் குறிப்பு முதல் பக்கத்தில், கட்டம் கட்டி. பரிமாறி அடுத்த பதிப்புக்கு.

கானாடுகாத்தான்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தனியறை என்பது மருத்துவமனை வாடகைச் சீட்டில் வருகிற சொல். சொற்பட்டியலில் வளவறையும் இருக்க வேண்டும். சாவி பற்றிப் புதுவயலாருக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.